பால்வெட்டு உளியும் சிலிக்கன் செதிலும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியை உலகச் சந்தை மூன்று முறை தேடி வந்திருக்கின்றது. பூஜாங் பள்ளத்தாக்கில் இரும்பு உருக்கியும் மணிகளை விற்றும் வாழ்ந்த பழங்காலத்தில் அது முதன்முறை வந்தது. அந்நாளில் தமிழர் இந்நிலத்தைக் கடாரம் என அழைத்தனர். கி.பி. 1025 அளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்ற செய்தியை அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரைத் தேடி இரண்டாம் முறையும், அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் சிலிக்கனின் பெயரால் மூன்றாம் முறையும் அது வந்தது.

முதல் வருகையைப் பற்றி நாம் மேடைதோறும் பெருமையுடன் பேசுகின்றோம். இரண்டாம் வருகையின் கண்ணீரையும் வியர்வையையும் நம் சிறுகதைகளும் நாவல்களும் பதிந்து வைத்துள்ளன. மூன்றாம் வருகையைப் பற்றித் தமிழில் எழுந்த எழுத்துகள் குறைவே. ஆயினும் இன்று கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவது இம்மூன்றாம் வருகையினால்தான். நம் மக்கள் நாள்தோறும் கையால் தொடுகின்ற ஒரு தொழிலின் வரலாற்றை நம் மொழியில் எழுதிவைப்பது நம் கடமையாகும். அக்கடமையின் சிறு பகுதியை நிறைவேற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூறு கோடியில் ஒன்று

மீநுண் தொழில்நுட்பம் அல்லது நானோ தொழில்நுட்பம் என்பது யாது? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டர். மனிதத் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நம் விரல் நகம் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கின்றது. ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையிலான அளவில் பொருள்களை ஆக்குவதும் ஆள்வதுமே மீநுண் தொழில்நுட்பம் எனப் பொதுவாகக் கொள்வர். இவ்வளவில் ஒரே பொருளின் நிறம், மின்கடத்தும் தன்மை, காந்தத் தன்மை ஆகியன மாறக்கூடும். ஆகவேதான் இது வெறும் சிறிதாக்கும் கலையாக நில்லாமல் புதிய இயல்புகளைப் பெறும் கலையாகவும் விளங்குகின்றது.

சிறுமையை எண்ணிப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. நம் பழைய எண்சுவடியில் முந்திரி என்பது 320இல் ஒன்று. கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒன்று. எண்ணத்தால் நுண்மையை எட்டுவது ஒன்று. கருவியால் எட்டுவது வேறொன்று. 1959 திசம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் இயற்பியலறிஞர் ஆற்றிய சொற்பொழிவில், அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கும் நாள் வரக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். 1974இல் சப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி நானோ தொழில்நுட்பம் என்னும் சொல்லை முதன்முதல் வழங்கினார். 1981இல் சூரிச்சு நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பின்னிக், ரோரர் ஆகிய இருவரும் அணுக்களின் மேற்பரப்பைக் காட்டும் நுண்ணோக்கியை அமைத்தனர். 1986இல் நோபல் பரிசும் பெற்றனர். அதன் பின்னரே எண்ணமும் கருவியும் ஓரிடத்தில் கூடின.

பெயர் அறியாமல் கையாண்ட நுண்மை

பெயர் பிறக்கும் முன்பே கெடாவின் தோட்டங்களில் இந்நுண்மை வாளி வாளியாகச் சுமக்கப்பட்டது என்றால் மாணவர்க்கு வியப்பாக இருக்கலாம். ரப்பர்ப் பால் நீரில் கரைந்த ஒரு கரைசலன்று. அது நீரில் மிதக்கும் நுண்துகள்களின் கூட்டம். அறிவியலார் இதனைக் கூழ்மம் என்பர். அத்துகள்களுள் மிகச் சிறியவை சில பத்து நானோமீட்டர் அளவின. பெரியவை சில ஆயிரம் நானோமீட்டர் வரை செல்வன. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அப்போர்வை தாங்கிய மின்னேற்றத்தினால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அவ்விலக்கம் நீங்குகின்றது; துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன; பால் உறைகின்றது. உறைந்த பாலைத் தகடாக்கிப் புகையிலிட்டுக் கப்பலேற்றினர். மேலைநாட்டு ஆலைகளில் அதனுடன் கரும்புகைத் தூளைச் சேர்த்து வண்டிச் சக்கரத்தின் உறைகளைச் செய்தனர். அத்தூளின் துகள்களும் நானோ அளவினவே. அவை சேர்ந்ததனால்தான் சக்கர உறைகள் விரைந்து தேயாமல் உழைத்தன.

மரம் சீவிய நம் மக்களின் கையில் இருந்த நுட்பமும் எளியதன்று. பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலத்தின்மேல் உளி படாதவாறு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். மிகுதியாகச் சீவினால் மரம் காயப்படும். குறைவாகச் சீவினால் மங்கு நிறையாது. விடியுமுன், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இக்கணக்கைத் தப்பாமல் செய்த கைகள் அவை.

ஆனால் அக்கைகளுக்கு உளி மட்டுமே கொடுக்கப்பட்டது. அதன் பின்னிருந்த அறிவு கொடுக்கப்படவில்லை. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. பாலின் இயல்பு, உறைதலின் காரணம், புதிய மரவகை ஆகியவற்றை அக்கழகம் ஆராய்ந்தது. ஆராய்ச்சியின் பயன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் துரைமார்களின் மேசைக்குச் சென்றது. பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்க்கு அதிலிருந்து கிடைத்தது கட்டளை மட்டுமே. அமிலம் இத்தனை அளவு ஊற்று என்றனர். ஏன் ஊற்ற வேண்டும் என்பதைச் சொன்னாரில்லை. தோட்ட வாழ்வின் வறுமையைப் பேசும்பொழுது கூலியின் குறைவை மட்டும் பேசுகின்றோம். காரணம் அறியும் உரிமை மறுக்கப்பட்டதும் ஒரு வறுமையே என்பதை மறத்தலாகாது.

வயல்வெளியில் எழுந்த தொழிற்சாலை

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் வேறொரு வரலாறு உருவாகிக்கொண்டிருந்தது. 1947 திசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன், ஷாக்லி ஆகிய மூவரின் முயற்சியால் டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையம் பிறந்தது. மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்ல சிறு கதவு அது. 1958இல் ஜாக் கில்பியும் 1959இல் இராபர்ட்டு நாய்சும் பல திரிதடையங்களை ஒரே குறைகடத்தித் துண்டில் அமைக்கும் வழிகளைக் கண்டனர். சில்லு எனப்படும் ஒருங்கிணைந்த சுற்று இவ்வாறு தோன்றியது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் 2,300 திரிதடையங்கள் இருந்தன. அதன் மிக நுண்ணிய கோடு 10,000 நானோமீட்டர் அகலமுடையது.

அடுத்த ஆண்டே அந்நிறுவனம் நம் வாயிலுக்கு வந்தது. 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டத்தைத் துணையாகக் கொண்டு, பினாங்கு முதலமைச்சர் துன் லிம் சோங் இயூவின் ஆட்சி பாயான் லெப்பாசில் தொழில் வட்டாரத்தை அமைத்தது. 1972இல் இன்டெல் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. நெல் விளைந்த வெளியில் சில்லுகளைக் கோத்துச் சோதிக்கும் கூடங்கள் எழுந்தன. அக்கூடங்களில் நுண்ணோக்கியின் கீழ்ப் பொன் கம்பிகளைப் பிணைத்த தொழிலாளர் பெரும்பாலும் இளம்பெண்கள். கெடாவிலும் சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கின. விடியற்காலை மரம் சீவச் சென்ற அன்னையரின் மகளிர், இரவு வேலை முடித்து அதே விடியற்காலையில் வீடு திரும்பினர்.

இம்மாற்றம் எல்லார்க்கும் விருப்பத்தால் நேர்ந்ததன்று. 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றமை கெடாத் தமிழரை வேரோடு அசைத்தது. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் ஆகும். 1969ஐ ஒட்டிக் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபொழுது, உழைத்து முதிர்ந்த பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். பின்னர்ச் செம்பனை ரப்பரின் இடத்தைப் பிடித்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் குறைவு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பலகை வீடுகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தோர்க்கு மின்னியல் தொழிற்சாலை ஒரு புகலிடமாயிற்று.

கூலிமுக்கு வந்த சிலிக்கன்

பினாங்கில் அமைந்தவை பெரும்பாலும் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலைகளே. சில்லையே உருவாக்கும் ஆலை வேண்டும் என்ற எண்ணம் 1990களில் வலுப்பெற்றது. கூலிமில் அமைக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. இன்டெல் அங்கும் கால் பதித்தது. 1995இல் அரசின் முதலீட்டோடு தொடங்கப்பட்டுப் பின்னர் சில்தெரா எனப் பெயர் பெற்ற நிறுவனம், 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் செதில்களில் சில்லுகளை வார்க்கத் தலைப்பட்டது. செதில் என்றது மிகத் தூய சிலிக்கனை மெல்லிய வட்டமாக அறுத்து மெருகிட்ட தகட்டினை. அளவில் ஒரு தோசையை ஒத்தது. 180, 130, 110 நானோமீட்டர் எனப் பெயர்பெற்ற தொழில்முறைகள் அவ்வாலையில் கையாளப்பட்டன. மில்லிமீட்டர் கணக்கில் உளி பிடித்த வட்டாரத்தில் நானோமீட்டர் கணக்கு இவ்வாறு குடிபுகுந்தது. 2021இல் அரசு முதலீட்டு நிறுவனமான கசானா சில்தெராவை விற்றது. உள்நாட்டு நிறுவனம் ஒன்றும் சீன முதலீட்டு நிறுவனம் ஒன்றும் அதன் உரிமையைப் பெற்றன.

செருமானிய நிறுவனமாகிய இன்ஃபினியன் 2006இல் கூலிமில் மின்திறன் சில்லு ஆலையைத் திறந்தது. 2024 ஆகத்தில் சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளில் சில்லுகள் செய்யும் புதிய ஆலையின் முதற்கட்டத்தையும் திறந்தது. இவ்வகைச் சில்லுகள் மின்வண்டிகளிலும் சூரிய மின் அமைப்புகளிலும் பயன்படுகின்றன. எல்லாச் சில்லும் மிகச் சிறிய கோட்டை நாடுவதில்லை என்பதை மாணவர் இங்கே மனங்கொள்ள வேண்டும். கணிக்கும் சில்லுக்குச் சிறுமை வேண்டும். மின்திறனைத் தாங்கும் சில்லுக்கு உறுதி வேண்டும். 2017 நவம்பரில் ஓஸ்ராம் நிறுவனம் ஒளியுமிழ் சில்லு ஆலையைத் திறந்ததும், 2024 சனவரியில் ஆஸ்திரிய நிறுவனமாகிய ஏ.டி.எஸ். சில்லுகளைத் தாங்கும் அடித்தட்டு ஆலையைத் திறந்ததும் இதே கூலிமில்தான்.

ஒரு செதிலின் பயணத்தைச் சுருங்கக் காண்போம். ஒளிபட்டால் இயல்பு மாறும் பூச்சு ஒன்றைச் செதிலின்மேல் தடவுகின்றனர். சுற்றின் வரைபடம் பொறித்த திரையின் வழியே அதன்மீது ஒளி பாய்ச்சப்படுகின்றது. ஒளி பட்ட இடத்தைக் கரைத்து, செதுக்கி, வேற்றணுக்களைப் புகுத்தி, மெல்லிய உலோகப் படலங்களை இடுகின்றனர். இவ்வரிசை பன்முறை திரும்பத் திரும்ப நிகழ்கின்றது. ஒரு சிறு தூசி விழுந்தாலும் பல கோடுகள் கெடும். ஆகவே அறுவைக் கூடத்தினும் தூய்மையான அறையில், தலை முதல் கால் வரை மூடிய வெள்ளுடையில் தொழிலாளர் நடமாடுகின்றனர். உடலிலிருந்து உதிரும் தோல் துகளிலிருந்து சில்லைக் காப்பதற்கே அவ்வுடை பயன்படுகின்றது.

வீட்டுக்குள் இருக்கும் மீநுண்மை

இத்தொழிலின் விளைவு நம் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கின்றது. கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். 2023இல் வெளிவந்த ஆப்பிள் கைப்பேசி ஒன்றின் சில்லில் 1,900 கோடித் திரிதடையங்கள் உள்ளன. 1971இன் 2,300ஐ இதனோடு ஒப்பிட்டால் அரை நூற்றாண்டின் ஓட்டம் விளங்கும். சில்லில் அடங்கும் உறுப்புகள் காலந்தோறும் இரட்டிக்கும் என 1965இல் கோர்டன் மூர் கணித்தது பொய்க்கவில்லை. ஆயினும் அவ்வோட்டத்தில் தடைகளும் இருந்தன. திரிதடையத்தின் கதவை மூடும் ஆக்சைடுப் படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தபொழுது, அதாவது சில அணுக்களின் தடிப்பே எஞ்சியபொழுது, மின்னணுக்கள் சுவரை ஊடுருவிக் கசிந்தன. 2007இல் ஹாஃப்னியம் கலந்த படலத்தைக் கொண்டு அக்கசிவைக் குறைத்தனர். பின்னர்த் தட்டையாகக் கிடந்த திரிதடையத்தை மீன்துடுப்புப்போல் நிமிர்த்தி நிறுத்தினர்.

வணிக விளம்பரங்களில் காணும் மூன்று நானோமீட்டர், ஐந்து நானோமீட்டர் என்பன இன்று அளவுகள் அல்ல. தலைமுறையைக் குறிக்கும் பெயர்கள். மூன்று நானோமீட்டர் எனப்படும் சில்லிலும் அடுத்தடுத்த கம்பிகளின் இடைவெளி இருபது நானோமீட்டருக்கும் மேற்பட்டது. விளம்பரத்தை அளவுகோலாகக் கொள்ளாத பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுவதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

வீட்டுக் கூரையில் ஒளிரும் எல்.இ.டி. விளக்கும் அத்தகையதே. அதன் உள்ளே சில நானோமீட்டர் தடிப்பே உள்ள படலத்தில் மின்னணுக்கள் சிறைப்பட்டு ஒளியை உமிழ்கின்றன. படலத்தின் தடிப்பும் கலவையும் சிறிதே மாறினாலும் ஒளியின் நிறம் மாறிவிடும். நீல ஒளியுமிழ் சில்லைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. கணினியின் வன்தட்டில் செய்தி பதிவதும் சில பத்து நானோமீட்டர்க் காந்தப் படலத்திலேயே. அத்தகைய வட்டுகளைச் செய்யும் சப்பானிய ஆலையும் கூலிமில் அமைந்தது. சில தொலைக்காட்சித் திரைகளில் நிறங்களைத் தூய்மையாக்கும் குவாண்டம் புள்ளிகள் சில நானோமீட்டர்ப் படிகங்களே. அவற்றைக் கண்டு ஆக்கியவர்கள் 2023இல் நோபல் பரிசு பெற்றனர்.

கைகளும் காரணமும்

இவ்வரலாற்றை நாம் பெருமிதத்தோடு மட்டும் முடித்துவிடுதல் நேரிதன்று. ரப்பரின் விலை இலண்டனில் வீழ்ந்தபொழுது கெடாவின் தோட்டத்தில் அடுப்பு அணைந்தது. சில்லின் காலத்திலும் அந்நிலை மாறவில்லை. 2024 பிப்ரவரியில், ஓஸ்ராமைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட நிறுவனத்தின் நுண் ஒளியுமிழ் சில்லுத் திட்டத்தை, அதன் முதன்மை வாடிக்கையாளர் கைவிட்டார். கூலிமில் அத்திட்டத்துக்கென எழுப்பிய புதிய ஆலையின் நோக்கமே ஒரே நாளில் கேள்விக்குள்ளாயிற்று. தோட்டத் தொழிலாளர்க்கு 1954 முதல் நாடளாவிய சங்கம் ஒன்றிருந்தது. மின்னியல் தொழிலாளர்க்கோ 1988இல் நிறுவனந்தோறும் தனிச்சங்கம் அமைக்கவே இசைவு கிட்டியது. வட்டார அளவிலான சங்கங்கள் அதற்கு இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றின.

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. 2006இல் செருமனியின் திரெசுடன் நகர ஆய்வாளர் பதினேழாம் நூற்றாண்டு தமாசுகசு வாள் ஒன்றை ஆராய்ந்து, அதனுள் கரிமக் குழல்கள் நானோ அளவில் இருப்பதாக அறிவித்தனர். அவ்வகை வாளுக்குரிய உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது. இச்செய்தியைக் கொண்டு நம் முன்னோர் நானோ அறிவியலை அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குவோர் உளர். உலைக்களத்துக் கொல்லர் கைத்திறனால் அதனை ஆக்கினார். அதன் காரணத்தை அறிந்தாரல்லர். ரப்பர்ப் பாலை உறைய வைத்த தோட்டத்துத் தாயும் அவ்வாறே. இன்று கூலிமில் செதில் பெட்டியைப் பொறியில் ஏற்றி இறக்கும் நம் இளைஞரும், பொத்தானை மட்டும் அறிந்து காரணத்தை அறியாராயின், அதே வரிசையில் மூன்றாமவர் ஆவர். கொல்லருக்குக் காரணத்தை உரைக்க அன்று உலகில் எவருமிலர். தோட்டத்துத் தாய்க்கு உரைக்க வல்லார் இருந்தும் உரைத்தாரில்லை. இன்றைய இளைஞர்க்கோ உரைக்க வல்ல நூல்களும் கூடங்களும் அருகிலேயே உள்ளன. கூலிம் பூங்காவிலேயே துவாங்கு சுல்தானா பஹியா தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. அண்டை மாநிலமான பெர்லிசின் பல்கலைக்கழகத்தில் நானோ மின்னணுவியலுக்கெனத் தனி ஆய்வுக்கழகம் உள்ளது. இனியும் அறியாமல் இருந்தால் பழியைத் துரைமார்மேல் சுமத்த இயலாது.

இங்கேதான் தமிழாசிரியரின் பணி தொடங்குகின்றது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபொழுது தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தமிழ் தளர்ந்தது. பின்னர் அப்பாடங்கள் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. திரும்பி வந்த பாடத்துக்கு உயிரூட்டும் சொற்களும் எடுத்துக்காட்டுகளும் வேண்டும். குறைகடத்தி, திரிதடையம், செதில், சில்லு, மீநுண்மை என்னும் சொற்களை மனப்பாடமாக மட்டும் கற்பித்தால் அவை தேர்வுத்தாளோடு மறைந்துவிடும். பாலில் அமிலம் ஊற்றினால் ஏன் உறைகின்றது என்பதிலிருந்து கூழ்மத்தையும், தந்தை அணியும் வெள்ளுடையிலிருந்து தூசியின் அளவையும், வீட்டு விளக்கிலிருந்து ஒளியுமிழ் படலத்தையும் விளக்கினால் அவை நெஞ்சில் நிலைக்கும். ஆங்கிலமும் மலாயும் மேற்கல்விக்கு இன்றியமையாதன, அதில் ஐயமில்லை. ஆனால் ஏன் என்ற முதற்கேள்வி குழந்தையின் நாவில் தாய்மொழியிலேயே பிறக்கின்றது. அக்கேள்விக்கு அதே மொழியில் விடை கிடைத்தால் குழந்தை அடுத்த கேள்விக்குச் செல்லும். கிடைக்காவிடில் அங்கேயே நின்றுவிடும்.

கெடாவின் மண் தமிழரின் கைத்திறனை நூறாண்டுக்கு மேலாகப் பெற்று வந்துள்ளது. நான்காம் முறையும் உலகச் சந்தை இம்மண்ணைத் தேடி வரக்கூடும்; எப்பொருளைத் தேடி வரும் என எவராலும் கூறவியலாது. அப்பொழுது நம் மக்கள் உழைக்கும் கைகளோடு, காரணத்தை வினவும் அறிவையும் உடன்கொண்டு வாயிலில் நிற்பார்களாயின், இவ்வட்டாரத்துத் தமிழ் வகுப்பறைகள் தம் பணியைச் செய்தன என்று வரலாறு எழுதும்.